முகம் வைக்காத பலகை

புழுவுக்கு என் முகம் வந்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை. என் மனைவிதான் கண்டுபிடித்தாள். மத்தியானச் சோறு கொண்டு வந்தவள், பெட்டியைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களைக் கேட்டே படம் கீறினவர்?"

"எதை?"

"உந்த நாடியும் உந்தக் காதும் ஊரிலை வேறை ஆருக்கு இருக்கு?"

பார்த்தேன். சரிதான். நீட்டு முகம். விடைத்த காது. புழுவுக்குக் காது கிடையாது என்று எனக்கும் தெரியும். இதற்கு இருந்தது.

படக்காரர் பக்கத்தில் குந்தியிருந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"நான் புழுவைத்தான் கீறினனான். அது உம்மடை முகத்தோடை வந்தால் நான் என்ன செய்ய?" என்றார்.

சிரிக்கவில்லை. சிரிக்காமல்தான் எல்லாம் சொல்வார்.

அந்தப் புழு ஒரு குகை. பீப்பா வளையங்களில் சாக்கைத் தைத்து நீளமாகக் கட்டியிருந்தோம். பிள்ளைகள் வாயால் நுழைந்து வாலால் வெளியே வரவேண்டும். செருப்பில்லாத காலால் உடம்புக்குள் ஏறுகிற கொக்கிப் புழு எப்படி வயிற்றுக்குப் போகிறது என்று உள்ளே படம் படமாக இருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் புங்குடுதீவில் எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சிறுவர் பூங்கா இருந்தது. குறிகட்டுவானுக்குப் போகிற பஸ் அதைத் தாண்டித்தான் போகும். நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனம் யன்னலால் எட்டிப் பார்க்கும். படம் எல்லாம் அவர் கீறியது. பலகை வெட்டினது நான்.

ஊரில் அவரைப் படக்காரர் என்பார்கள். முன்பு தெற்கே ஒரு பட்டணத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். இனக்கலவரத்தில் கடை போனது. பெண்சாதியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். வந்த அடுத்த வருஷம் மகள் தைபோயிட் என்கிற நெருப்புக் காய்ச்சலில் போனாள். ஏழு வயது. இதை ஊரில் யாரும் கதைப்பதில்லை. அவரும் கதைத்ததில்லை. பிறகு சொல்ல வேண்டி வரும் என்பதால் முதலே எழுதிவிடுகிறேன்.

அவருக்கு எதிலும் முகம் வைக்க வேண்டும். அது ஒரு வியாதி மாதிரி. கதைத்துக்கொண்டிருக்கும்போதே என் காதில் செருகியிருக்கிற பென்சிலைக் கேட்காமல் எடுப்பார். பலகையில் இரண்டு கண், ஒரு மூக்கு. கதை முடிய முகமும் முடிந்திருக்கும். நான் சீவுளி போட்டு அதைச் சீவி எறிவேன். அவர் கோபித்ததில்லை. அடுத்த பலகையில் கீறுவார்.

மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் கரித்துண்டால் ஒரு பூசணிக்காய் கீறினார். கண் வைத்தார், வாய் வைத்தார். வரிசையில் நின்ற சனம் ஒவ்வொன்றாகச் சிரிக்கத் தொடங்கியது. மனேச்சர் வெளியே வந்து பார்த்தார். பூசணிக்காய் அவர்தான். அன்றைக்குப் படக்காரருக்குப் பாண் இல்லை.

"ஏன் அண்ணை உந்த வேலை?" என்று கேட்டேன்.

"பூசணிக்காய் எண்டுதான் துவங்கினனான்."

எனக்கு அது பொய் என்று படவில்லை. கை போகிற இடம் அவருக்கே தெரியாது. முகம் என்று ஒன்றைத் துவங்கினால் அது ஊரில் யாராவது ஒருவராக வந்து முடியும்.

இந்த முகப் பைத்தியம் சுருட்டுக்கடையில் பிடித்தது என்பார். அங்கே தகப்பன்மாருக்குச் சுருட்டு வாங்க வருகிற பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு அப்போது சிங்களம் சரியாக வராது. சுருட்டுச் சுற்றுகிற தாளில் ஒரு முகம் கீறிக் கொடுப்பார். பிள்ளை சிரிக்கும். பிறகு மற்றக் கடையைத் தாண்டி இவர் கடைக்கே வரும். சிங்களப் பேப்பர்களில் வருகிற சித்திரக் கதைகளை வெட்டி உள்சுவர் முழுக்க ஒட்டியிருந்தாராம். படிக்கத் தெரியாவிட்டாலும் யார் நல்லவன் யார் கெட்டவன் என்று முகத்தில் தெரியும் என்றார்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான். "முகம் இல்லாததோடை பிள்ளை கதைக்காது."

பூங்கா வந்ததும் அதனால்தான். ஒரு நாள் முழங்கால் நோவென்று மருந்துச்சாலைக்குப் போயிருந்தார். நானும் விரலில் உளி வெட்டிய காயத்தோடு அங்கே இருந்தேன். ஒரு சின்னவனுக்குப் பூச்சி மருந்து பருக்கினார்கள். இரண்டு பெண்கள் கையைப் பிடித்தார்கள், ஒருத்தி மூக்கைப் பிடித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். படக்காரர் எழும்பிப் போய் மருந்து தருகிற அப்போதிக்கரியின் மேசையில் இருந்த பேனையை எடுத்தார். தன் பெருவிரலில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வைத்தார். விரலை மருந்துக் கோப்பைக்குக் கிட்டக் கொண்டு போனார்.

"இவருக்கு விடாயாம். நீ குடிக்காட்டித் தனக்குத் தரட்டாம்."

பெடியன் விரலைப் பார்த்தான். கோப்பையைப் பார்த்தான்.

"ஏலாது. அது என்ரை," என்று பறித்துக் குடித்துவிட்டான்.

சுகாதாரப் பரிசோதகர் வாசலில் நின்று இதைக் கண்டார். இளம் ஆள். வலிகாமப் பக்கம். சைக்கிளில் எப்போதும் ஒரு சுருள் போஸ்ரர் கட்டியிருப்பார். அதில் சோற்றில் மொய்க்கிற இலையான் ஒன்று, அதற்கு மேலே மண்டை ஓடு. பள்ளிக்கூடத்தில் ஒட்டினால் சின்னப் பிள்ளைகள் அழும். தாய்மார் வந்து ஏசுவார்கள். அந்தக் கவலையோடு இருந்தவர், தனக்கும் படம் கீறித் தரச் சொல்லி, பெருவிரலைப் பிடித்துக்கொண்டார்.

கொழும்பில் கார்னிவல் நடக்கும். படக்காரர் பார்த்திருக்கிறார். "அங்கை பிள்ளையள் சும்மா சுத்திப்போட்டு வருங்கள்," என்றார். "இஞ்சை சுத்தேக்கை ஒண்டைப் படிச்சுக்கொண்டு போகட்டும்."

கிராமச்சபைத் தலைவர் வாசிகசாலைக்குப் பக்கத்துக் காணியை விட்டார். அவருடைய குடும்பக் காணி. தெற்கே கடை வைத்திருந்த ஊராட்கள் தேயிலைப் பெட்டிகளை லொறியில் அனுப்பினார்கள். அந்தப் பலகை மெல்லியது, நன்றாக வளையும். பெயின்ற் வாங்க வழியில்லை. கடையில் இல்லை. மீன்பிடி வள்ளத்துக்குப் பூசி மிஞ்சியதைச் சம்மாட்டிகள் தந்தார்கள். பச்சை, சிவப்பு, கறுப்பு. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. அதனால் எங்கள் நுளம்பு வள்ளப் பச்சை.

இரத்தம் குடிக்கிற நுளம்பு ஒரு ராட்டினம். பழைய வண்டில் சில்லைப் படுக்கவைத்துச் சுற்ற விட்டோம். நுளம்பின் வாயிலிருந்து ஒரு பலகை நீட்டியது: "தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்க்காதே. எனக்கு வீடு வேணும்." இலையான் ஒரு ஊஞ்சல். அது சொன்னது: "சோற்றை மூடாதே. நானும் சாப்பிடவேணும்." புழு, அதாவது நான், சொன்னது: "செருப்பில்லாமல் வா. வழி பார்த்திருக்கிறேன்."

பரிசோதகருக்கு இது பிடிக்கவில்லை. "தலைகீழாய் எல்லே சொல்லுறியள்?"

"நீங்கள் சொன்னதைப் பிள்ளையள் எப்ப கேட்டதுகள்? இலையான் சொன்னால் இலையானோடை சண்டை பிடிக்குங்கள்."

அப்படித்தான் நடந்தது. எங்கள் வீட்டுச் சின்னவள் சோற்றுக் கோப்பையைச் சுளகால் மூடிவிட்டு, "ஓடு. உனக்கு இல்லை," என்று இலையானுக்குச் சொல்வாள். வளவில் கிடந்த சிரட்டை எல்லாம் கவிழ்ந்து கிடந்தது. மாரி வந்தபோது ஊரில் நுளம்பு குறைவு என்று பரிசோதகர் சொன்னார். அவர் எண்ணினாரோ தெரியாது.

இலையானின் கதையைச் சொல்ல வேண்டும். இலையானுக்குத் தடித்த மீசை வந்துவிட்டது. நடு உச்சி பிரித்த தலை. புருவம் கூடியிருந்தது. திறப்பு விழாவுக்கு முதல்நாள் கிராமச்சபைத் தலைவர் பார்க்க வந்தார். ஊஞ்சலுக்கு முன்னால் நின்றார். கனநேரம் நின்றார். நாங்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம்.

"இது ஆர்?" என்றார்.

"இலையான்," என்றார் படக்காரர்.

"இலையானுக்கு ஏன் மீசை?"

"ஆம்பிளை இலையான், ஐயா."

தலைவர் தன் மீசையைத் தடவப் போன கையை நடுவழியில் நிறுத்திவிட்டார். "நீர் கவனமாய் இரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். காணி கையை விட்டுப் போகுது என்று நான் நினைத்தேன். போகவில்லை. அடுத்த நாள் அவருடைய பேரப்பிள்ளைகள் முதலில் ஓடிவந்து, "அப்பப்பாவிலை ஏறுவம்," என்று ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னாளில், படக்காரரின் செத்தவீட்டில், பந்தலுக்குள் கதிரையில் இருந்துகொண்டு, "என்னை இலையானாக்கினவன்," என்றார். இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்ல ஏலாமல் போய்விட்டது.

இனி நல்ல பிள்ளை.

பூங்காவைச் சுற்றி முடித்து வெளியே வருகிற இடத்தில் கை கழுவுகிற இடம். ரோட்டோரம். பஸ்ஸில் வருகிற சனமும் காணவேண்டும் என்று பரிசோதகர் அந்த இடத்தைக் காட்டினார். ஒரு தகரப் பீப்பாவை மேடையில் ஏற்றிப் பைப் பூட்டினோம். கயிற்றில் சவுக்காரம் தொங்கியது. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஒரு கிணற்றில்தான். மற்றதெல்லாம் உவர். வாசிகசாலைப் பெடியள் முறை வைத்து அந்தக் கிணற்றிலிருந்து தூக்கிப் பீப்பாவை நிரப்பினார்கள். பைப்புக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை நின்று கை கழுவுகிற மாதிரிப் பலகை. இதுதான் மற்றதுகளுக்கு எதிராளி. இலையான், புழு எல்லாவற்றையும் வெல்லுகிற பிள்ளை.

"எவ்வளவு உயரம் வெட்ட?" என்று கேட்டேன்.

அவர் கையைத் தன் இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே பிடித்தார். உள்ளங்கை கீழே பார்த்தபடி.

"இவ்வளவு."

நான் கம்பை வைத்து அடையாளம் எடுத்தேன். எடுத்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

வெட்டிக் கொடுத்தேன். சட்டை கீறினார், சிவப்பு. இரட்டைப் பின்னல். பைப்புக்குக் கீழே நீட்டிய இரண்டு கை. விரல்கள் எல்லாம் சரியாக வந்தன. முகம் இருக்கிற இடத்தில் தோல் நிறம் மட்டும் பூசினார். அதோடு பிரஷைக் கழுவி வைத்துவிட்டார்.

"முகம்?" என்றேன்.

"பிறகு."

திறப்பு விழா வந்தது. முகம் வரவில்லை. பரிசோதகர் கேட்டார்.

"எல்லாத்துக்கும் வைச்சியள், அண்ணை. நல்ல பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?"

"வரேல்லை."

"புழுவுக்கு வருது, நுளம்புக்கு வருது."

"அதுகள் வருங்கள்."

எனக்கு மட்டும் ஒருநாள் சொன்னார். நான் கேட்கவில்லை. புழுவின் கிழிந்த வாலைத் தைத்துக்கொண்டிருந்தோம்.

"நான் கீறினால் ஆர் வருவாள் எண்டு உமக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அவ இந்த வழியாலைதான் தண்ணிக்குப் போறவ. காலமையும் பின்னேரமும்."

அவ என்றது அவருடைய பெண்சாதியை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மகள் போன பிறகு அக்கா ஒரு கலியாண வீட்டுக்கும் போனதில்லை. கிணற்றுக்கு மட்டும் வருவார். குடத்தை இடுப்பில் வைத்து, நேரே பார்த்துக்கொண்டு, பூங்காப் பக்கம் திரும்பாமல் போவார். அவர் போகும்வரை படக்காரர் வேலை செய்யமாட்டார். பிரஷைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்.

நான் ஊசியைக் குத்தினேன்.

பூங்கா நன்றாக ஓடியது. வேலணையிலிருந்தும் சரவணையிலிருந்தும் வாத்திமார் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் நுளம்பில் சுற்றின, இலையானில் ஆடின, என் வாயால் நுழைந்து வாலால் வந்தன. ஆனால் பைப்படிக்கு வந்ததும் ஓட்டம் பிடித்தன. கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடின. ஏன் என்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை.

என் சின்னவளைக் கேட்டேன்.

"அது முகமில்லாத பேய்," என்றாள்.

"ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும். கிட்டப் போனால் எங்கடை முகத்தைப் பிடுங்கித் தான் ஒட்டிப்போடும்."

வாசலில் ஒரு கிழவர் கச்சான் கடலை விற்றார். பிள்ளைகள் புழுவுக்குள் தவழ்ந்து வந்த கையோடு கச்சானை வாங்கித் தின்றன. பீப்பாவில் தண்ணீர் குறையவே இல்லை. பாசி பிடித்தது. சவுக்காரம் வெயிலில் காய்ந்து வெடித்தது.

பரிசோதகர் வந்து பீப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு படக்காரரைப் பார்த்தார்.

"யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியிலையிருந்து பெரியாக்கள் வந்து பாக்கப் போகினம், அண்ணை. பிள்ளையள் கை கழுவாட்டி இது வெறும் விளையாட்டுத்தான். மூடச் சொல்லுவினம்."

படக்காரர் வெடித்த சவுக்காரத்தைக் கயிற்றோடு திருப்பிப் பார்த்தார்.

"நீங்கள்தானே சொன்னனீங்கள், முகம் இல்லாததோடை பிள்ளை கதைக்காது எண்டு."

அவர் என் பக்கம் திரும்பினார். என் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிவிட்டார்.

அவரே ஒரு வழி சொன்னார். "வேறை ஆரும் கீறட்டும்."

பள்ளிக்கூடச் சித்திர வாத்தியார் வந்தார். நல்ல கைகாரர். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கீறினார். பெரிய கண், வில்லுப் புருவம், நெற்றியில் பொட்டு, மூக்கில் மூக்குத்தி. எல்லாரும் வடிவு என்றார்கள். எனக்குக் கலண்டர் அம்மன் மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. அடுத்த நாள் பிள்ளைகள் பயப்படாமல் பைப்படிக்குப் போயின. கும்பிட்டுவிட்டுப் போயின. பைப்பில் செவ்வரத்தம்பூ செருகியிருந்தது. நயினாதீவுக்குப் போன ஒரு ஆச்சி பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி இறங்கி, சவுக்காரத்தட்டில் கற்பூரம் கொளுத்தினார். அந்தத் தண்ணீரை யாரும் தொடவில்லை. தீர்த்தமாம்.

பரிசோதகர் முதலில் சிரித்தார். பிறகு பீப்பாவின் மேடையில் குந்திவிட்டார்.

படக்காரர் அந்த முகத்தைச் சுரண்டினார். கும்பிட்ட முகத்தைச் சுரண்டுகிறாயா என்று ரோட்டால் போன ஒருவர் ஏசினார். அவர் நிமிரவில்லை. திரும்ப வெறும் தோல் நிறம்.

அந்த மாதம் என் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் இறங்கவில்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நெருப்புக் காய்ச்சல் என்றார்கள். என்ன தின்றாள், எந்தத் தண்ணி குடித்தாள் என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. எதால் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பிழைத்தாள். தலைமயிர் கொட்டிப் போய், கோழிக்குஞ்சு மாதிரி வீட்டுக்கு வந்தாள்.

படக்காரர் பார்க்க வந்தார். படலைக்கு வெளியே நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ, அண்ணை."

"இல்லை. பிள்ளை எப்பிடி?"

"கஞ்சி குடிக்கிறாள்."

"நல்லது." வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "பூங்காவிலை விளையாடினவளே?"

"ஓம்."

"கச்சான் திண்டவளோ?"

"திண்டிருப்பாள்."

"கை கழுவினவளே?"

"வீட்டிலை கழுவுவாள். அங்கை பயத்திலை கிட்டப் போகாள்."

கேட்டார், சொன்னேன். அவர் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் வழக்கம்போலத் தடியில் ஒரு வட்டம் போட்டது. கண் வைக்கப் போன விரல் நின்றுவிட்டது.

"நாளைக்குக் காலமை வாரும்," என்றார். "சோளகம் அடிக்குது. பலகை ஆடும். ஆரும் பிடிக்கோணும்."

போனேன். அக்கா காலைத் தண்ணீருக்குப் போய் வந்த பிறகுதான் துவங்கினார். சோளகக் காற்று புழுதியை வாரி அடித்தது. நான் பலகைக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்தேன். அதனால் அவர் கீறுவது எனக்குத் தெரியவில்லை. அவருடைய முகம்தான் தெரிந்தது. மற்ற முகங்கள் கீறும்போது பின்னுக்குப் போய்ப் பார்ப்பார், துடைப்பார், திரும்பக் கீறுவார். அன்றைக்குப் பின்னுக்குப் போகவில்லை. துடைக்கவும் இல்லை. பிரஷ் பலகையில் உரசுகிறது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"இனிக் காணும்," என்று பிரஷை இறக்கினார்.

முன்னால் வந்து பார்த்தேன். அவள்தான். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு நின்றாள். கைக்குத் தண்ணீர் பட்டால் ஒரு பிள்ளை எப்படிச் சிரிக்குமோ அப்படி. நான் அவளைக் கண்டிருக்கிறேன். சங்கக்கடையடியில் தகப்பனின் சைக்கிள் பாரில் இருப்பாள்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிடவும் போகவில்லை. புழுவின் நிழலில் இருந்தார். நானும் இருந்தேன். வேறு வேலை எனக்கும் இருந்தது. போகவில்லை.

பின்னேரம் அக்கா குடத்தோடு வந்தார். வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டு வந்தார். படக்காரர் எழும்பி ரோட்டோரம் போய் நின்றார். அவர் அப்படி நின்றதைக் கண்டுதான் அக்கா திரும்பியிருக்க வேண்டும்.

அக்கா நின்றார். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தார். காற்றில் குடம் உருளப் பார்த்தது. அதைக் காலால் மறித்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். குறிகட்டுவான் பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இறங்கின சனமும் எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் போனது.

படக்காரர் கையில் பிரஷ் இருந்தது. சுரண்டுகிற தகடும் இருந்தது. அக்கா ஒரு சொல் சொன்னால் சுரண்டிவிடுவார். அதற்குத்தான் அந்தத் தகடு.

அக்கா கிட்டப் போனார்.

"முன்பல்லு," என்றார்.

"என்ன?"

"மேல் முன்பல்லு ஒண்டு விழுந்திருந்தது. முளைக்கேல்லை. நீங்கள் வைச்சிருக்கிறியள்."

அவர் பலகையைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஓம். மறந்துபோனன்."

கறுப்புப் பெயின்ற் ரின்னை எடுத்தார். பிரஷின் நுனியை முக்கினார்.

"எந்தப் பக்கம்?"

"இஞ்சாலை," என்று அக்கா தன் வாயில் தொட்டுக் காட்டினார்.

ஒரு கோடுதான். பல்லிருந்த இடம் கறுப்பானது. அதுவரை அது செத்த பிள்ளையின் முகமாக இருந்தது. பல்லுப் போனதும் குறும்புக்காரப் பிள்ளை ஒன்று நின்றது.

"இப்ப சரியோ?"

"சரி."

அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். படக்காரர் தகட்டைப் பற்றைக்குள் எறிந்தார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தன. பைப்படிக்குக் கிட்ட வந்து, வழக்கமாக ஓடுகிற இடத்தில் நின்றன. ஒரு பெடியன் எட்டிப் பார்த்தான்.

"டேய், இவவுக்கும் பல்லில்லை," என்றான்.

அவனுக்கும் இல்லை. ஏழு வயதில் யாருக்கு முன்பல் இருக்கிறது. ஒவ்வொன்றாக வந்து பலகைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து காட்டின. ஓட்டைப்பல் அக்கா என்று பெயரும் வைத்துவிட்டன. அவளைப் போலவே இரண்டு கையையும் பைப்புக்குக் கீழே நீட்டின. தள்ளுப்பட்டன. சவுக்காரத்துக்குச் சண்டை பிடித்தன. கழுவின கையைத் திரும்பக் கழுவின. தண்ணீரை வீணாக்காதையுங்கோ என்று பெடியள் கத்தினார்கள். யார் கேட்டது.

பொழுது சாய்கிற நேரம் பீப்பாவைத் தட்டிப் பார்த்தேன். வெறும் பீப்பாவின் சத்தம் கேட்டது. தண்ணீர் தூக்க ஆள் பார்க்க வெளிக்கிட்டேன். அப்போது அக்கா கிணற்றிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். குடம் நிறைய வீட்டுக்குக் கொண்டு போகிற தண்ணீர். பைப்படியில் இன்னும் இரண்டு பிள்ளைகள் வெறும் பைப்பைத் திருகிக்கொண்டு நின்றன.

"ஓட்டைப்பல் அக்காட்டைத் தண்ணி முடிஞ்சுது," என்றது ஒன்று.

அக்கா மேடையில் ஏறினார். குடத்தைத் தூக்கிப் பீப்பாவுக்குள் ஊற்றினார். ஒரு சொட்டும் மிச்சம் விடவில்லை. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பக் கிணற்றுக்குப் போனார்.